பார்க்கவில்லை என்று எழுதியவர்

கதவு திறந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எப்ப மாத்துனீங்க?" என்பதுதான். வணக்கம் கிடையாது, சாப்பிட்டீர்களா கிடையாது. எந்தத் தண்ணீர் என்றும் சொல்லமாட்டார். பூச்சாடியா, செடித்தொட்டிக்குக் கீழே வைத்த தட்டா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டா என்று நாம்தான் தேடிக்கொண்டு விழிக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடி புளோக்குப் பிள்ளைகள் அவரைக் கண்டால் அதையே அவரிடம் கத்திவிட்டு மின்தூக்கிக்குள் ஓடிப் புகுந்துகொள்ளும். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "இன்னைக்குக் காலையில மாத்துனேன்" என்று மூடுகிற கதவைப் பார்த்து நிஜமாகவே பதில் சொல்வார்.

சிங்கப்பூரில் எங்கள் புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் நாங்கள் அவரைக் கொசுக்காரர் என்றுதான் சொல்வோம். ஒரு பல்கலைக்கழகத்தின் டெங்கி ஆராய்ச்சியில் வேலை. எந்த மாடியில் எந்த வாரம் எத்தனை கொசு என்று கணக்கெடுத்து, நோய் வருவதற்கு முன்பே அது வரப்போகிற இடத்தைச் சொல்ல முடியுமா என்று பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி. அதற்காகத் தாழ்வாரத்தில் கறுப்புப் பானைகள் வைத்திருந்தார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் பிசின் தடவிய அட்டை. முட்டையிட வரும் கொசு அட்டையில் ஒட்டிக்கொள்ளும். செவ்வாய்க்கிழமைதோறும் வந்து அதை எண்ணுவார். சட்டையில் மாட்டிய அட்டையில் அவர் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதமாட்டேன். அவருக்கு நான் செய்தது போதும்.

எண்ணும்போது அவரைப் பார்க்க வேண்டும். மடக்கு நாற்காலியைப் பிரித்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை முகத்துக்கு அருகே பிடித்துக்கொள்வார். இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணுவார். முடிந்ததும் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி முதலிலிருந்து. இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவந்தால்தான் எழுதுவார். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, ராத்தா என்று நான் கூப்பிடுகிறவர், அவருடைய மகள் சல்மா பாலிடெக்னிக்கிலிருந்து வரும்போது அவர் இருந்தால் நின்றுவிடுவாள். அவரது பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்ப்பாள்.

"அங்கிள், காலுல வெள்ளை வெள்ளையா கோடு. சோ பிரிட்டி லா."

"பிரிட்டிதான். ஆனா நீ கையில ஓடோமாஸ் மாதிரி எதாச்சும் தடவிக்க பாப்பா."

"எனக்குப் பத்தொன்பது வயசு, பாப்பாவா?" என்று சிரித்துக்கொண்டே போவாள்.

அவர் நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி உண்டு. சம்மதித்த வீடுகளுக்குள்ளும் போய்ப் பார்ப்பார். அதற்கு ஒரு தாளில் நாங்களும் கையெழுத்துப் போட்டோம், அவரும் போட்டார். எங்கள் வீட்டில் பார்த்ததை வெளியே யாரிடமும் சொல்வதில்லை என்பது அவர் போட்ட கையெழுத்து. அந்த வரியில் அவர் எழுதுவது மூன்றில் ஒன்று. இருக்கிறது, இல்லை, பார்க்கவில்லை. இந்த மூன்றாவதுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் ஏழாம் மாடியில் ஒரு சீன முதியவர் பகலெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பதினொரு வாரம் அந்தக் கதவு திறக்கவில்லை. கூட வந்த இளைஞர், "இல்லைன்னு போட்டுடலாம் பிரதர், பதினொரு வாரமா பக்கத்துப் பானையில ஒரு கொசுகூட இல்லையே" என்றார். செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் வேலை, மதியமே வீட்டுக்கு வந்துவிடுவேன், கம்பிக் கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இல்லைன்னா, நான் உள்ள போய்ப் பாத்து, அங்க இல்லைன்னு அர்த்தம். நான் எங்க போனேன்?"

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சம்பளமில்லாத நாளில், தன் வீடிருக்கும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து தீவின் மறுகோடிக்கு ரயிலேறி வந்து அந்த முதியவரைப் பிடித்துவிட்டார். உள்ளே ஒன்றுமில்லை. இல்லை என்று எழுதிக்கொண்டு மறுபடி ரயிலேறிப் போனார்.

மனிதர் நாசூக்கு தெரியாதவர் என்பதையும் சொல்ல வேண்டும். காத்தோங்கில் என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்கு ஏதோ தூரத்து உறவாம். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, வாசலில் பூ மிதக்கவிட்ட வெண்கல உருளிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கைபேசி விளக்கை அதற்குள் அடித்துக்கொண்டிருந்தார். பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண் அவர் தலைமேலும் தெளித்துவிட்டாள். மணப்பெண்ணின் சித்தப்பா வந்து, "என்ன சார், காசு கீசு விழுந்துடுச்சா?" என்று கேட்டார். "இல்ல, இந்தத் தண்ணி எப்ப..." என்று அவர் ஆரம்பிக்க, நான் ஓடிப்போய்ச் சாப்பாட்டுப் பந்திக்கு இழுத்துப் போனேன். பாயசம் வரைக்கும் உருளியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பந்தியில் கேட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது டெங்கி வந்து ஏதாவது ஆகிவிட்டதா, அதனால்தான் இப்படியா என்று.

"அப்படில்லாம் ஒண்ணும் இல்லைக்கா. வேலை. பாக்கச் சொன்னாங்க, பாக்குறேன்."

எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. இவ்வளவு பிடிவாதத்துக்கு ஒரு சோகக் கதை வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன் போல. அப்போது என்னிடம் ஒரு சோகக் கதை இருந்தது, அதனால் மற்றவர்களிடமும் தேடினேன்.

என் கணவர் அதற்கு ஓராண்டுக்கு முன் இறந்துபோயிருந்தார். காலையில் பேருந்துக்குப் போனவர், பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்தபடியே போய்விட்டார். வழக்கப்படி படத்துக்கு முன் விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிடச் சொன்னார் ஐயர். படத்தையும் சாமி படங்களோடு வைக்கக் கூடாது, கூடத்துச் சுவரில் மாட்டுங்கள் என்றார். நான் பாதித் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினேன். மீதியைச் செம்போடு எடுத்துவந்து, சாமி அலமாரியின் கீழ்த்தட்டில், துளைபோட்ட மரக்கதவுக்குள், அவருடைய சின்னப் படம் ஒன்றோடு ஒளித்துவைத்தேன். அவருக்கென்று முதல் நாள் வைத்த தண்ணீர் அது. கொட்ட மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் திறந்து, குறைந்திருந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவேன். கொட்டிவிட்டு மாற்றியதே இல்லை. நாத்தனாருக்குத் தெரிந்தால் பேயைக் கூட்டிவைத்திருக்கிறாய் என்று ஆடித் தீர்ப்பாள், அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஆகவே கொசுக்காரர் முதல்முறை வீட்டுக்குள் வந்தபோதே சொல்லிவிட்டேன். "எல்லாம் பாருங்க. சாமி அலமாரியில மட்டும் வெளியாளுங்க கை வைக்கக் கூடாது."

"கை வைக்கலைக்கா. டார்ச் மட்டும் அடிச்சுப் பாக்குறேன்."

"வேணாம் தம்பி."

அவருக்கு உள்ளே நுழைய எந்த அதிகாரமும் இல்லை, ஆராய்ச்சிக்காரர்தானே. தலையாட்டிவிட்டு என் வரியில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். சமையலறை இல்லை, குளியலறை இல்லை, சாமி இடம் பார்க்கவில்லை. "அங்கயும் இல்லைன்னே போட்டுக்குங்களேன், சுத்தமான இடம்" என்றேன். போடவில்லை. எட்டு மாதம், செவ்வாய் தவறாமல், என் வீட்டு வரியின் கடைசியில் அந்த ஒரு சொல் இருந்தது. எனக்கு அது என்னைக் குறைசொல்வது போலிருக்கும். வேறு வேலையில்லாத மனுஷன் என்று ராத்தாவிடம் திட்டுவேன்.

ராத்தாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீடு, இருபத்திரண்டு வருஷம். அவர் கணவருக்குச் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை. என் கணவர் போன அன்று என்னைக் குளிப்பாட்டி விட்டது ராத்தாதான். நாற்பது நாள் அவர் வீட்டிலிருந்துதான் எனக்குச் சோறு வந்தது, மரக்கறிச் சட்டியைத் தனியாக வைத்துச் சமைத்து அனுப்பினார். சல்மா ஒரே மகள், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

பிறகு அந்தச் செவ்வாய் வந்தது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பானையில் வழக்கமாக ஒன்று இருக்கும், இரண்டு இருக்கும். அன்று பதினொன்று. அவர் மூன்றுமுறை எண்ணினார்.

"இது ரொம்ப தூரம் பறக்குற ஜாதி இல்லைக்கா. இங்கதான் பக்கத்துல எங்கேயோ பொறந்திருக்கு. நாலாவது மாடியில ரெண்டு பேருக்கு டெங்கி வந்திருக்கு."

ராத்தா தன் வீட்டில் எல்லாவற்றையும் திறந்து காட்டினார். கழிவறைத் தொட்டி, துணி காயப்போடும் மூங்கில் குழாய், அரிசி ஊறவைக்கும் சட்டி வரைக்கும். ஒன்றுமில்லை. என் வீட்டிலும் கொசுக்காரர் பார்த்தார், ஒன்றுமில்லை. சாமி அலமாரி முன்னால் போய் நின்றார். நான் குறுக்கே நின்றேன். அடுத்த செவ்வாய் பதினாறு. மறுபடி கேட்டார், மறுபடி முடியாது என்றேன். அன்று அவர் போகவில்லை. வாசலிலேயே நின்றார்.

"அக்கா, நீங்களே திறந்து பாருங்க. நான் வெளிய நிக்கிறேன். இருக்கா இல்லையான்னு மட்டும் பாருங்க. கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"சாமி விஷயத்துல என்னைப் பரீட்சை பண்ணாதீங்க" என்று கம்பிக் கதவைச் சாத்தினேன்.

இதையும் எழுதித் தொலைக்கிறேன். அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றும்போது செம்புக்குள் ஏதோ சின்னச் சின்னதாக நெளிந்ததைப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் ஆடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவை மூடினேன்.

வியாழக்கிழமை சல்மாவுக்குக் காய்ச்சல். ராத்தா பப்பாளி இலைச்சாறு அரைத்துக் கொடுத்தார். கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், டெங்கிதான். திங்களன்று காய்ச்சல் விட்டது, நாங்கள் எல்லாரும் அப்பாடா என்றோம். அன்று மாலையே வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். மருத்துவமனையில் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள் செவ்வாய். அவர் வந்தபோது நானே கதவைத் திறந்து, சாமி அலமாரியைக் கையால் காட்டினேன். ஒன்றும் இருக்கக் கூடாது என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, கீழ்த்தட்டைத் திறந்தார். என் கணவரின் படத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு டார்ச் அடித்தார். செம்பை இரண்டு கையாலும் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி எண்ணினார். முதல்முறையாக அவர் மனசுக்குள் எண்ணியதைப் பார்த்தேன். முப்பத்திரண்டு புழு.

"எழுதாதீங்க தம்பி" என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ராத்தாவுக்குத் தெரிஞ்சா நான் எப்படி இந்த வீட்டுல இருப்பேன்?"

"யாருக்கும் தெரியாதுக்கா. இதுல உங்க பேர் கிடையாது, ஒரு நம்பர்தான். வெளிய நான் சொல்லவும் மாட்டேன். ஆனா பாத்துட்டேனே, எழுதாம எப்படி?"

"இதுலேருந்து வந்த கொசுதான் அவளைக் கடிச்சுதா?"

"தெரியாதுக்கா. அதை யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப இது இல்லைன்னு சொல்லுங்களேன். ஒரே ஒரு வாட்டி சொல்லுங்க, போதும்."

அவர் கண் கலங்கிவிட்டது. "அதையும் சொல்ல முடியாதுக்கா" என்றார். நான் ஓவென்று அழுதேன். அவர் நோட்டைத் திறந்து, என் வரியில், இருக்கிறது என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு, நான் அடங்கும்வரை தரையில் உட்கார்ந்திருந்தார். பிறகு புழுக்களை ஒரு சின்னக் குப்பியில் எடுத்துக்கொண்டு, "மிச்சத்தை நீங்கதான் ஊத்தணும், நான் ஊத்தக் கூடாது" என்றார். ஊற்றினேன்.

வியாழக்கிழமை மதியம் சல்மா இறந்துவிட்டாள்.

ஒரு மாதம் ராத்தா யாரோடும் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, கோபப்படுவதற்கு. "வாரா வாரம் வந்து நாற்காலி போட்டு எண்ணுனாரே. எண்ணி என்னத்தைக் கிழிச்சாரு? எம்புள்ள அவரு பக்கத்துல நின்னுதானே பாத்தா, அவளைக் காப்பாத்த முடிஞ்சுதா?" என்றார். பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டும் என்றார். ஒரு கப்பல் கம்பெனியில் முப்பது வருஷமாகக் கடிதம் தட்டச்சு செய்கிறவள் நான். எங்கள் தாழ்வாரத்திலிருந்து நகர மன்றத்துக்குப் போகிற எல்லாக் கடிதமும் என் கையால் எழுதியதுதான். ராத்தா என் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"அவரு சரியாப் பாக்கலைன்னு எழுது."

நான் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சாமி அலமாரி எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது. நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சரியாகப் பார்க்கவில்லை என்பதற்கு எத்தனையோ மெதுவான சொற்கள் உண்டு. நான் கடமையில் அலட்சியம் என்று பொருள்படும் சொல்லைத் தேடிப் போட்டேன், ஒரு மனுஷனின் வேலையைப் பாதிக்கும் என்று தெரிந்தே போட்டேன். கடிதம் வலுவாக இருந்தால் ராத்தாவின் கோபம் அந்தப் பக்கமே போய்விடும் என்று நினைத்தேன். படித்துக் காட்டினேன், ராத்தா கையெழுத்துப் போட்டார். பல்கலைக்கழகத்தில் விசாரணை நடந்ததாகக் கேள்விப்பட்டோம், இரண்டு வாரம் கழித்து வேறு ஒருவர் வந்தார். அவர் மனசுக்குள் எண்ணுகிறவர், ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவார்.

போன நோன்பு மாதம் தேக்கா சந்தையில் அவரைப் பார்த்தேன். தேங்காய் துருவும் கடையில் நின்றிருந்தார். ஓடிப்போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவரே வந்துவிட்டார்.

"அக்கா, ராத்தா எப்படி இருக்காங்க? தூங்குறாங்களா?"

"இப்ப எங்க வேலை தம்பி?"

"லேப்ல. வீடுங்களுக்குப் போறதில்லை. மத்தவங்க எழுதிக் கொண்டாரதை கம்ப்யூட்டர்ல ஏத்துறேன். அதுல எத்தனை 'இல்லை' நிஜமாவே பாத்து எழுதுன 'இல்லை'ன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "அந்த லெட்டர் எழுதுனது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா. ராத்தாவுக்கு இங்கிலிஷ் எழுத வராதே."

"தெரிஞ்சுமா விசாரணையில சொல்லலை? எம்மேல தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களை விட்டிருப்பாங்களே."

"சொல்லமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனேக்கா." தேங்காய்ப் பையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார். குரலில் கோபமே இல்லை. "நான்தான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லலாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரயிலில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ராத்தா, அந்தக் கொசுக்காரர் மேலே தப்பில்லை, ராத்தா, என் வீட்டில்தான். மின்தூக்கியை விட்டு இறங்கும்போதும் உதடு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. ராத்தா கதவைத் திறந்துவைத்து எனக்காகக் காத்திருந்தார். நோன்பு திறக்கும் நேரம், அவர் கணவர் கடையிலேயே திறந்துகொள்வார்.

"எங்க போய்ட்டே? கஞ்சி ஆறுது பாரு. உனக்குன்னு கறி போடாம தனியா காய்ச்சியிருக்கேன்."

மேசையில் சல்மா உட்காரும் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். ராத்தா பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளும் போய்ட்டா. நீயும் இல்லைன்னா நான் இந்த வீட்டுல என்ன பண்ணியிருப்பேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

நான் கஞ்சியைக் குடித்தேன். கிண்ணம் காலியானதும் ராத்தா இன்னொரு கரண்டி ஊற்றினார். போதும் என்று சொல்லாமல் அதையும் குடித்தேன்.